கல் குடிக்கும் நேரம்

போன வாரம் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த தின்கோ, வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். மனைவி மிலெனா பக்கத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் நீதான் எடுக்க வேண்டும் என்றான். என்ன செய்தியாக இருந்தாலும் நானாகக் கேட்கிற வரைக்கும் சொல்லாதே, அம்மாவிடம் மூச்சு விடாதே என்றான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள். தலையாட்டுவது சுலபம். அதற்கப்புறம் ஒரு வாரமாக அந்த போனை அவள் குளியலறைக்குக் கூட எடுத்துக்கொண்டு போகிறாள்.

இன்று போன் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

இன்றுதான் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளும். ஆஸ்திரேலியாவின் குவீன்பியனில் இருக்கும் குரோவேஷியக் குடும்பங்களுக்கெல்லாம் வீட்டை ஆசீர்வதிக்கிற நாள். சாயங்காலம் ஃபாதர் ஸ்டிபே வருவார். ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளிப்பார், வாசல் நிலைக்கு மேலே சாக்பீஸால் வருடத்தை எழுதுவார், சமையலறை மேடையில் விரித்த வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்று ஜெபிப்பார். அப்புறம் எண்ணெயில் பொரித்த ஃப்ரித்துலே உருண்டைகளைச் சாப்பிட்டுவிட்டு, ராக்கியா என்கிற பழச் சாராயத்தில் ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போவார். ஒரே ஒரு மடக்கு என்பது ஃபாதர் சொல்லும் கணக்கு.

மாமியார் ஸோர்காவுக்கு வருடத்தில் மற்ற நாளெல்லாம் இந்த ஒரு நாளுக்கான ஒத்திகைதான். ஆனால் இந்த வருடம் அந்த மேடையில் ஒரு கறை இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, உப்பிட்டு உலர்த்திய மீனை உருளைக்கிழங்கோடு வேகவைத்துச் சட்டியோடு மேடையில் வைத்தவள் ஸோர்காதான். சட்டியின் அடியில் ஆலிவ் எண்ணெய் கசிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. காலையில் வெள்ளைக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஊறிப் போயிருந்தது. ப்ராச் தீவின் கல் அது. தின்கோவின் அப்பா சொந்த ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்து, மகன் கையாலேயே அறுத்து இழைத்துப் பதிக்க வைத்த ஒரே பலகை. அதைப் பதித்த வருடமே அவர் போய்விட்டார்.

வினிகர் போட்டுத் தேய்க்கிறேன் என்று ஸோர்கா புறப்பட்டபோது தின்கோ பாட்டிலைக் கையிலிருந்து பிடுங்கினான். சுண்ணாம்புக் கல்லில் புளிப்புப் பட்டால் அந்த இடம் அரித்துப் பளபளப்பு போய்விடும், எலுமிச்சைச் சாறுகூட ஆகாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கறை மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை ஒட்டினான். கல் குடித்த எண்ணெயை அந்தச் சோடா மெல்ல மெல்ல உறிஞ்ச வேண்டும். ஒரு முறை எடுத்தான், கறை பாதிதான் போயிருந்தது. மறுபடி அப்பினான்.

இன்று காலை அந்தத் தாளை உரிக்கும்போது மூன்று பேரும் சுற்றி நின்றார்கள்.

கறை இல்லை. காய்ந்த சோடாவைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துவிட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை முக்கித் துடைத்து, ஈரம் போக இன்னொரு துணியால் ஒற்றினான் தின்கோ. கல் பால் மாதிரி இருந்தது. அவன் விரலை நனைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டான். சொட்டு முத்தாக நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கல்லுக்குள் இறங்கி, இறங்கின இடமெல்லாம் சாம்பல் நிறமாயிற்று.

"பாத்தியா? எது விட்டாலும் குடிக்குது. பழைய பூச்சு சுத்தமா போயிடுச்சு. இன்னிக்கே பூசிடறேன்" என்றான்.

அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். கல் பட்டறை வேலையை விட்ட நாளிலிருந்து மிலெனா அதைப் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் கல் அறுத்தவன். இந்த மாதிரி நல்ல கல் எப்போதாவது ஒன்று வரும். மற்றதெல்லாம் பொடியைப் பசை போட்டு இறுக்கிச் செய்த செயற்கைக் கல்தான். அவசரத்துக்குத் தண்ணீர் விடாமலே அறுத்தார்கள். கல் தூசி பறந்து பட்டறையே மாவு மில் மாதிரி இருக்கும். பக்கத்துப் பட்டறைப் பையன்கள் இரண்டு பேருக்கு அந்தத் தூசியால் மூச்சு நின்றுபோகிற அளவுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இவனும் ஸ்கேனுக்குப் போனான்.

அவன் ஸ்கேனுக்குப் போனது ஸோர்காவுக்குத் தெரியாது. வேலையை விட்டது முதுகு வலியால் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"முதுகு வலிக்காரனுக்குக் குனிஞ்சு கல்லு தேய்க்க மட்டும் வலிக்கல போல" என்றாள் ஸோர்கா. மகன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மிலெனா அந்த இருமல் நிற்கிற வரைக்கும் பாத்திரத்தைத் துடைப்பது போலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வறட்டு இருமல். அடியிலிருந்து எதையோ சுரண்டுகிற சத்தம் அதில் இருக்கும். இப்போதெல்லாம் அவளுடைய நாள் முழுக்க அதைக் கேட்பதிலேயே கழிகிறது. இருமினால் எத்தனை என்று எண்ணுவாள். இருமல் நின்றால், ஏன் நின்றது என்று பயம் வரும்.

ஊரே இருமிக்கொண்டுதான் இருந்தது, அதுவும் உண்மை. புத்தாண்டிலிருந்து மலைக்காடுகள் எரிகின்றன. வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, சூரியன் செங்கல் நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான். மிலெனா தன் இரண்டு மகள்களையும் அடிலெய்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வீட்டின் ஜன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. கதவுகளின் அடியில் ஈரத் துண்டு. காற்றை வெளியிலிருந்து இழுக்கும் என்பதால் கூலரையும் நிறுத்தியாயிற்று. ஸோர்காவும் இருமினாள், மிலெனாவும் இருமினாள். புகை, புகை என்று பொதுவாக ஒரு பெயர் வைத்து எல்லோரும் சமாதானமாக இருந்தார்கள்.

ஸோர்கா உடை மாற்ற அறைக்குப் போனதும் மிலெனா குரலைத் தாழ்த்தினாள். இன்றைக்கு போன் வரும் என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

"கல்லு காயட்டும்" என்றான் தின்கோ.

"எப்பக் காயும்?"

"பூசி, அது குடிச்சு, மேல நிக்கறதைத் துடைச்சு எடுத்துட்டா சாயந்திரம் துணி விரிக்கலாம். ஆனா முழுசா இறுக ஒரு நாள் ஆகும். நாளைக்குக் கேக்கறேன்."

"போன்ல வர்ற செய்திக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம், தின்கோ?"

"ஒண்ணும் இல்ல. இன்னிக்கு ஒரு நாள் எனக்கு இந்தக் கல்லு போதும்."

பயந்த மனுஷனிடம் பயப்படாதே என்று சொல்வதற்குச் சொல்கிறவளுக்குக் கொஞ்சமாவது தைரியம் வேண்டும். அவளிடம் அது இல்லை.

மதியத்துக்கு மேல் அவன் கேரேஜிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தான். பட்டறையில் மிச்சமிருந்த சீலர். கல்லின் நுண் துளைகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிற திரவம். கடையில் தண்ணீரில் கரைத்த சீலரும் விற்கிறதே என்று மிலெனா கேட்டாள். அதெல்லாம் கல்லுக்குள் இறங்காது, இதுதான் தொழில்காரங்க பூசுற சாமான் என்று அவன் மூடியை நெம்பினான்.

பெட்ரோலும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாடை கிளம்பியது.

"ஜன்னலைத் திறக்கலாமா?" என்றாள்.

"புகையை உள்ளே விடவா? உனக்கென்ன பைத்தியமா?" அவன் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கை மேலே இழுத்து மூக்கோரம் அழுத்தினான். "இது போதும். பதினஞ்சு வருஷம் இதைப் போடாம ஆட்டம் போட்டேன். இப்பப் போட்டுக்கறேன், சந்தோஷமா?"

அவளுக்கும் ஒரு மாஸ்க் கொடுத்தான். புகைக்காக ஊரே முகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிற அதே வெள்ளை மாஸ்க். கல் தொழில் வீட்டில் அது மருந்துக்குச் சமம். அதை மாட்டிய பிறகும் வாடை மூக்கில் ஏறுவதை மிலெனா உணர்ந்தாள். உணர்ந்தும் அவளுக்கு உறைக்கவில்லை. மாஸ்க் இருக்கிறது, போதும் என்று நினைத்தாள்.

தின்கோ அம்மாவுக்கும் ஒரு கட்டளை போட்டான். மேடைக்குப் பக்கத்திலேயே கேஸ் அடுப்பு இருக்கிறது, வாடை போகிற வரைக்கும் அதைப் பற்ற வைக்கக் கூடாது.

"அப்ப ஃபாதருக்கு என்னத்தைக் குடுக்கறது, பச்சை மாவையா?" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. மாவு பொங்குகிறது, அதற்கு மேல் வைத்தால் புளித்துவிடும், வருடத்துக்கு ஒரு நாள் வருகிற மனுஷன் முன்னால் மானம் போகும் என்று அந்தக் குரல் நீண்ட நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தின்கோ துணியை மடித்து, சீலரில் நனைத்து, கல்லில் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தான்.

மிலெனா கதவோரம் நின்று பார்த்தாள். அவன் கை போகிற இடமெல்லாம் கல் கருத்து, ஈரமாகி, அடுத்த நிமிடம் மெல்ல வெளுத்தது. குடிக்குது, குடிக்குது என்று முணுமுணுத்துக்கொண்டே பூசினான். அது போதுமென்று நிறுத்துகிற நேரத்தில், மேலே நிற்கிறதைக் காய விடாமல் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெண்படலம் படிந்து கல் பூத்துப் போய்விடும் என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அந்த நேரத்தில் வேறு எதிலும் கவனம் வைக்கக் கூடாது என்பது அவன் சட்டம்.

அப்போதுதான் ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது.

அவனுக்கும் கேட்டது. கை ஒரு நொடி நின்று மறுபடி வட்டம் போட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மிலெனா துணி துவைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கையிலிருந்து வழுக்குகிற போனை இரண்டு கையாலும் பிடித்து, வாஷிங் மெஷின் மேல் சாய்ந்து நின்றாள்.

அந்தப் பக்கம் ஒரு நர்ஸ். குரல் மிகவும் கனிவாக இருந்தது. அந்தக் கனிவுதான் மிலெனாவைக் கொன்றது. ரிசல்ட் வந்திருக்கிறது, போனில் சொல்கிற வழக்கமில்லை, டாக்டர் இன்றைக்கே பார்க்க விரும்புகிறார், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார் என்றாள் நர்ஸ். நாளை வரலாமா என்று மிலெனா கேட்டாள். இன்றைக்கே வந்தால் நல்லது என்றாள். பயப்படும்படியா என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

வைப்பதற்கு முன் நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாள். டாக்டர் கேட்கச் சொன்னாராம். வீட்டு விஷயம், சாதாரணமான கேள்விதான். மிலெனாவின் கண் தானாகக் கீழே, தான் சாய்ந்திருக்கிற மெஷினுக்குப் போயிற்று. வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த அறையில் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. எப்படி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போவது, காய்கிற வரைக்கும் சொல்லாதே என்றவனை எப்படிக் காரில் ஏற்றுவது, மாமியாரிடம் என்ன பொய் சொல்வது என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். ஒன்றும் தேறவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு அது உறைத்தது. துணி தேய்க்கிற சத்தம் இல்லை. இருமலும் இல்லை.

கதவைத் திறந்தாள். நடையிலேயே வாடை முகத்தில் அடித்தது. மாஸ்க் போட்டிருந்தும் அடித்தது. இந்த மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது என்பது அந்த இடத்தில், அந்த ஒரு மூச்சில், அவளுக்குப் புரிந்தது. தூசிக்குப் பயந்து பயந்து, தூசியைத் தவிர வேறு எதற்கும் பயப்பட மறந்துவிட்ட குடும்பம் இது.

சமையலறையில் ஸோர்கா மட்டும் நின்றிருந்தாள். திருநாளுக்கான கருநீல கவுன், மூக்குக்கு மேல் கைக்குட்டை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. இடுப்பில் மாவுக் கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையை அடுப்பின் திருகில் வைத்திருந்தாள்.

மேடைக்கு அந்தப் பக்கம், அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தின்கோவின் கால்கள் தரையில் நீண்டு கிடந்தன.

மிலெனாவுக்குக் கத்த வேண்டும் என்றுதான் தோன்றியது. தொண்டையிலிருந்து வந்தது ஒரு கிசுகிசுப்பு.

"அம்மா. கையை எடுங்க."

"ரெண்டே ஈடு போட்டு எடுத்துடறேன், அவன் எங்கேயோ..."

"தீ வேணாம். கையை எடுங்கம்மா. மெதுவா எடுங்க."

ஸோர்கா மருமகளின் முகத்தைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அவள் சொல்லி ஸோர்கா கேட்டது கிடையாது. இப்போது கையை எடுத்துவிட்டாள். மருமகள் பார்வை போன திசையில் எட்டிப் பார்த்தாள். மாவுக் கிண்ணம் கீழே விழுந்தது.

அவன் ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி சரிந்திருந்தான். மாஸ்க் முகத்திலேயே இருந்தது. கையில் துணி. மிலெனா மாஸ்க்கைப் பிய்த்து எறிந்து கன்னத்தில் தட்டினாள். கண் இமை அசைந்தது, திறக்கவில்லை. மூச்சு இருந்தது. மேலே மேலே, வாசலோடு திரும்பிப் போகிற மூச்சு.

பின்கதவுக்கு ஓடித் துண்டைக் காலால் தள்ளி, தாழ்ப்பாளில் கை வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகை சுவர் மாதிரி நின்றது. கை அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே இருக்கிற காற்று அவன் நெஞ்சுக்கு ஆகாது. உள்ளே இருக்கிற காற்று அவனைக் கொன்றுகொண்டிருக்கிறது. எதைக் கொடுப்பது? யாரைக் கேட்பது? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனுக்கு எது நல்லது என்று சமையலில் இருந்து சட்டை வரைக்கும் அவளே முடிவு செய்திருக்கிறாள். மூச்சுக் காற்றை முடிவு செய்ய வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

"திற" என்றாள் ஸோர்கா. அவள் ஏற்கெனவே மகனின் ஒரு கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தாள்.

"இல்ல. கார்" என்றாள் மிலெனா.

காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள் காற்றையே சுற்ற விடலாம். புகை உள்ளே வராது. அவனை நடையில் கிடந்த விரிப்பில் உருட்டினார்கள். விரிப்பின் இரண்டு முனையை இரண்டு பெண்களும் பிடித்து, துவைக்கிற அறை வழியாக கேரேஜுக்கு இழுத்தார்கள். ஸோர்காவுக்கு எழுபது வயது, முழங்காலில் பிளேட் வைத்திருக்கிறது. அன்றைக்கு அதெல்லாம் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. பின் சீட்டில் அவனை ஏற்றினதுதான் பெரிய பாடு. ஸோர்கா முதலில் உள்ளே ஏறி அக்குளைப் பிடித்து இழுக்க, மிலெனா காலைத் தூக்கித் தள்ளினாள்.

கேரேஜ் கதவு மேலே போகிற வரைக்கும் எஞ்சினைப் போடக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கதவு மேலே போயிற்று. பின்னால் எடுத்தாள். தெருவுக்கு வந்ததும் ஏசியை முழுசாகத் திருப்பினாள்.

விளக்குக் கம்பங்கள் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் இந்தப் புகையில் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கான்பெரா ஆஸ்பத்திரி பக்கம்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். தின்கோவின் தலை ஸோர்காவின் மடியில் இருந்தது. அவள் திருநாள் கவுனின் முனையால் மகனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மூச்சு விடறாரா?"

"விடறான். நீ ரோட்டைப் பாரு."

பாலத்தைத் தாண்டினபோது அவன் இருமினான்.

மிலெனாவுக்கு அழுகை வந்தது. ஒரு வாரமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்து நடுங்கினாளோ, அதே சத்தம். இன்னும் ஒரு முறை இரும மாட்டானா என்று இருந்தது. அவன் இருமினான். கண்ணைத் திறந்தான். காரின் கூரையை வெகு நேரம் பார்த்தான்.

"துடைக்கல" என்றான்.

"என்னடா?" ஸோர்கா குனிந்தாள்.

"மேல நிக்கறதைத் துடைக்கல. காஞ்சா பூத்துடும். திருப்பு, மிலெனா. இன்னும் நேரம் இருக்கு."

"கல்லு எக்கேடு கெட்டுப் போகட்டும்" என்றாள் மிலெனா. அவள் வாயிலிருந்து அது வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அவன் எழுந்து உட்கார முயன்றான். தலை சுற்றி மறுபடி சாய்ந்தான். தனக்கு ஒன்றும் இல்லை, வாடை கொஞ்சம் தலைக்கேறிவிட்டது, அவ்வளவுதான், ஃபாதர் வருகிற நேரம், வீடு திறந்து கிடக்கிறது என்று வரிசையாகக் காரணம் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. கடைசியில் அம்மாவைத் துணைக்கு இழுத்தான்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. ஃபாதர் வந்து நிப்பாரு."

மிலெனா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். இந்த நாளுக்காகத்தான் ஸோர்கா வருடம் முழுக்க வாழ்கிறாள். திருப்பு என்று அவள் சொல்லப் போகிறாள் என்று நினைத்தாள்.

"வந்து கதவைப் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள் ஸோர்கா. "நீ நேரா ஓட்டும்மா. எங்க திரும்பணுமோ அங்க திரும்பு."

ஓட்டும்மா என்றாள். மிலெனாவை அவள் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

ஸோர்காதான் மறுபடி வாயைத் திறந்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"போன் வந்துச்சா?"

மிலெனா கண்ணாடியில் கணவனைப் பார்த்தாள்.

"எந்த போன்?" என்றான் தின்கோ.

"ராத்திரி நீ இருமறப்ப, இந்த வீட்ல எனக்கு மட்டும் காது இல்லைன்னு நினைச்சியாடா? முதுகு வலிக்கு யாராவது நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்களா? ஒரு வாரமா இவ போனைக் கையை விட்டுக் கீழே வைக்கல. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, ஃபாதர் வர்றன்னைக்கு அவர் முன்னால கேப்போம், பொய் சொல்ல முடியாதுன்னு வெச்சிருந்தேன்."

தின்கோ கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோரம் நீர் இறங்கி அம்மாவின் கவுனில் விழுந்தது. அவள் அதையும் துடைத்தாள்.

"மிலெனா" என்றான். "கல்லு காயறதுக்குள்ளயே கேக்கறேன். என்ன சொன்னாங்க?"

"போன்ல சொல்ல மாட்டேன்னுட்டாங்க. இன்னிக்கே வரச் சொன்னாங்க. டாக்டர் எவ்வளவு நேரமானாலும் இருப்பாராம்."

அதன் அர்த்தம் மூன்று பேருக்கும் தெரிந்தது. ஸோர்கா மகனின் தலையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"வேற?" என்றான்.

மிலெனா சொல்லாமல் இருந்திருக்கலாம். இதுவரைக்கும் சொல்லாமல்தானே இருந்தாள். ஆனால் வாயை மூடி மூடி வைத்த வீட்டிலிருந்து இப்போதுதான் அவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஒரு கேள்வி கேட்டாங்க. தினமும் உன் வேலைத் துணியை உதறி, துவைச்சது யாருன்னு. உதறினவங்க மூச்சுலயும் அந்தத் தூசி போயிருக்கலாமாம். அவங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

கொல்லையில் கொடிக்கம்பிக்குப் பக்கத்தில், மாலை வெயிலில், அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக ஓங்கி உதறினதெல்லாம் மிலெனாவுக்கு ஞாபகம் வந்தது. வெள்ளையாகப் பறக்கும். ஃப்ரித்துலே உருண்டையைச் சர்க்கரையில் புரட்டி எடுத்த மாதிரி வந்து நிக்கறான் பாரு என் மகன் என்று ஸோர்கா சிரிப்பாள். அவன் பட்டறை வேலைக்குப் போன புதிதில் அந்தச் சட்டைகளை ஸோர்கா யாரையும் தொட விட்டதில்லை. தின்கோவின் அப்பா செத்ததற்கு அப்புறம்தான் போனால் போகிறது என்று மருமகளிடம் விட்டுக் கொடுத்தாள்.

தின்கோ மெல்ல எழுந்து உட்கார்ந்தான். முதலில் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான்.

"யாருன்னு சொன்ன?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றார்கள் இரண்டு பெண்களும், ஒரே நேரத்தில்.